மருமகன் எழுதிய இரண்டு வரி

போன வியாழன் எங்கள் வீட்டில் கரண்ட் போனது. இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். பொறுங்கள்...

மகள் ரிஸ்னாவுக்கு அண்மையில்தான் கல்யாணம் முடிந்தது. மருமகன் ஹஸீப் எங்களோடுதான் இருக்கிறார். எங்கள் பக்கம் அதுதானே வழக்கம் — வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை ஒரு பேக்கோடு வருவார். கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறார். அவருடைய லெப்டொப் பழுது. ரிஸ்னாவின் பழைய லினக்ஸ் லெப்டொப்தான் இப்போது அவருக்கும்.

அன்று, தான் செய்த வேலையை ஒன்லைனில் ஒஃபிஸுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கரண்ட் போக, பற்றரி செத்த லெப்டொப்பும் போனது. கரண்ட் வந்து திறந்தால், புரோகிராம் ஓடத் தேவையான ஜாவாவைக் காணவில்லை என்கிறது, அவர் கட்டளை தட்டும் அந்தக் கறுப்பு ஜன்னல். அங்கே ஒஃபிஸ் பெரியவர்கள் காத்திருக்க, இவர் வியர்க்க வியர்க்கத் தட்டுகிறார். கடைசியில், நாளைக்குப் பார்ப்போம் என்று அவர்கள் போய்விட்டார்கள்.

"ஜாவா இரிக்கிற இடத்த கம்பியூட்டருக்கு ஒவ்வொரு நாளும் புதுசா சொல்லிக் குடுக்கிறீங்களா?" என்றாள் ரிஸ்னா. "பாஷ்ஆர்சி ஃபைல்ல ஒருக்கா எழுதினா முடிஞ்சுதே. எந்த ஜன்னலத் திறந்தாலும் அதுவே வாசிச்சிடும்."

இதற்கு என்விரோன்மென்ட் வேரியபிள் என்று பெயராம்.

"தெரியும்," என்றார் ஹஸீப். "உங்கட லெப்டொப்தானே. அதுக்குள்ள நான் கைய வைக்கிறது சரியில்லயே."

"நான் என்ன வாடகைக்கா தந்தன்?"

அவர் சிரிக்கவில்லை. "கொழும்புல ஒரு ரூம் பாக்கப் போறன். மாசத்துக்கு ஒருக்கா வாறன்."

ஹோலில் அசர் தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பை மடித்துக்கொண்டிருந்த எனக்கு அது கேட்டது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு ஜாவாவைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் இது தெரியும். நானும் மாப்பிள்ளையாக வந்தவன்தானே. அலுமாரியில் இடம் இருந்தும், நெடுநாள் என் சட்டைகளைப் பேக்குக்குள்ளேயே வைத்திருந்தேன். வைக்கவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வை என்றும் சொல்லவில்லை...

கல்யாணத்திலிருந்து நானும் மருமகனும் ஸலாமுக்கு மேல் கதைத்ததில்லை. எனக்குக் கூச்சம், அவருக்கு மரியாதை. அன்று அறை வாசலில் போய் நின்றேன். தொண்டையைச் செருமினேன். அவர் எழும்பிவிட்டார்.

"மகன்... அந்த ஃபைல்ல எழுதிப்போடுங்க."

"இல்ல மாமா, இது அவட லெப்டொப்..."

"ஓம், அவடதான். இந்த வீடும் உங்கட மாமிடதான். நான் என்ன லொட்ஜிலயா இரிக்கன்?"

ரிஸ்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹஸீப் உட்கார்ந்தார். இரண்டு வரி எழுதினார். ஜன்னலை மூடிப் புதிதாகத் திறந்தார். ஜாவா இருக்கும் இடம் அதற்குத் தெரிந்திருந்தது.

அடுத்த நாள் காட்டிய வேலை ஒஃபிஸுக்குப் பிடித்ததாம். ரூம் பற்றி யாரும் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை — பயம்தான்.

ஞாயிறு பகல் சாப்பாட்டில்தான் பதில் கிடைத்தது.

"மாமி, மீன் ஆணத்துக்கு உப்புக் காணாது," என்றார், இதுவரை சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்லாத மருமகன்.

மனைவியின் முகம் வாடிவிட்டது. நானோ இன்னொரு அகப்பை சோறு போட்டுக்கொண்டேன்.