பால் பூசிய தொரசாணிப் பெட்டி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணியோடு பழகிய எல்லோருக்கும் என் கும்பிடு. அண்ணி நம்மை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. திதிக்கு மலர் போடுகிறோம், அம்மாவின் பழைய காலம் அத்தை உங்களுக்குத்தான் தெரியும், கொஞ்சம் எழுதித் தாருங்கள் என்று அவர் பிள்ளைகள் கேட்டார்கள். நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை போனவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன்.

அண்ணி பிறந்தது மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். தகப்பனார் துரையின் பங்களாவில் பூந்தோட்டம் பார்த்தார். அதனால் அண்ணியும் பங்களாக் குசினியிலேயே, அதாவது சமையல்கட்டிலேயே, வளர்ந்து, துரைசாணியின் குழந்தைகளைப் பார்க்கிற ஆயாவுக்குக் கையாளாக இருந்தார். சுதந்திரம் வந்த பிறகு வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குப் புறப்பட்டார்கள். அந்தத் துரைசாணியும் புறப்பட்டபோது, என் அண்ணனுக்கு நிச்சயமாகியிருந்த அண்ணிக்குக் கல்யாணப் பரிசாகப் பங்களாவிலிருந்த பழைய லாச்சி அலுமாரி ஒன்றைக் கொடுத்தார். இடுப்பு உயரம், இழுத்துத் திறக்கிற நாலு லாச்சி. மேல் லாச்சிக்கும் அடி லாச்சிக்கும் பூட்டும் தனித்தனிச் சாவியும் உண்டு. எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாருக்கும் அந்தச் சாமானின் பெயர் தெரியாது. ‘தொரசாணிப் பெட்டி’ என்றார்கள். பிறகு எங்கள் வீட்டுக்குள் வெறும் ‘பெட்டி’ என்றாகிவிட்டது.

எங்கள் தோட்டம் றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே. அண்ணனுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற இடத்தில், வேலை. லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா. ஒரே அறை, முன்னால் அடுப்பு வைத்த சின்ன இஸ்தோப்பு. அதற்குள் அம்மா, அண்ணன், நான், இரண்டு தம்பிகள். அண்ணியும் வந்து சேர்ந்தார். பெட்டி வந்த சமயம் எங்கள் வாசல் நிலை உளுத்துப்போய்க் கழற்றி வைத்திருந்தார்கள். அதனால் நாலு பேர் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். பிறகு தோட்டத்தில் புது நிலை போட்டுக் கொடுத்தபோது அது பழையதைவிட ஒடுக்கமாக இருந்தது. பெட்டியை வெளியே எடுக்க வழியில்லை.

“உள்ள வந்தது இனி வெளிய போகாது. என்னய மாதிரிதான்” என்றார் அம்மா.

அந்தக் காலத்து நிலைமையை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் விளங்காது. எங்களுக்கு எந்த நாடு என்று எங்களுக்கே தெரியாமல் போயிருந்தது. ஓட்டும் இல்லை. தோட்டத்தை விட்டால் போக இடமில்லை. தோட்டத்துக்குள்ளும் காம்பராவை விட்டால் இடமில்லை. மழை மாதங்களில் பனி உள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அண்ணி சேலை மாற்றுவதென்றால் நான் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அழுவதென்றால்கூட அண்ணி விறகு பொறுக்கும் சாக்கில் மலைக்குத்தான் போக வேண்டும். போய்விட்டு வந்தால், “கண்ணு ஏண்டி செவந்திருக்கு, எவன் என்ன சொன்னான்?” என்று அம்மா கேட்பார். அம்மா கெட்டவர் இல்லை. எதையும் கேட்காமல் விடத் தெரியாதவர், அவ்வளவுதான்.

பெட்டியின் மற்ற லாச்சிகளில் எல்லோருடைய துணிமணியும் இருந்தது. மேல் லாச்சியை மட்டும் அண்ணி பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. நேராகக் கேட்கவும் மனமில்லை. பழியைப் பெட்டியின் மேல் போட்டார். பெட்டியின் இடுக்குகளில் மூட்டைப்பூச்சி இருந்தது உண்மைதான். பழைய பாலிஷ் கறுத்து, அடுப்புப் புகை படிந்து, தொட்டால் கையில் ஒட்டும்.

“ஊர்ல மருமகளுங்க பண்ட பாத்திரம் கொண்டாருவாளுங்க. எனக்கு வாச்சவ மூட்டப்பூச்சியக் கொண்டாந்திருக்கா” என்று இஸ்தோப்பில் உட்கார்ந்து லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்வார். ஒரு நாள் கெடுவே வைத்துவிட்டார். “தீவாளிக்குள்ள இது சுத்தமாகணும். இல்லாட்டிப் பொளந்து அடுப்புல வச்சிருவேன், சொல்லிப்புட்டேன்.”

“சரிங்க அத்தை” என்றார் அண்ணி. அம்மாவிடம் அதற்கு மேல் அவர் எப்போதும் பேசியதில்லை.

பெட்டி போய்விட்டால் அண்ணிக்கு அந்தக் காம்பராவில் தனக்கென்று ஒன்றுமே கிடையாது. அது எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். ஆனால் அம்மாவை எதிர்த்துப் பேச எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வராது.

அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். பங்களாவில் துரைசாணி குழந்தைகளின் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் தன் கையாலேயே சாயம் பூசுவாராம். பாலைத் திரிய வைத்து, கட்டியை மட்டும் துணியில் வடிகட்டி, நீர்த்த சுண்ணாம்போடு குழைத்துப் பூசினால் கல் மாதிரி பிடித்துக்கொள்ளுமாம். “புட்டிங் செய்யிற சட்டியில கலக்குவாங்க. குசினியில சமைக்கிற அப்புவுக்கு அப்புடி ஒரு கோவம் வரும்” என்று அண்ணி சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார். லயத்துக்கு வெள்ளையடிக்கத் தோட்டத்தில் கொடுத்த சுண்ணாம்பு மிச்சம் கிடந்தது. கடையில் சலவைக்குப் போடுகிற நீலம் வாங்கினோம்.

முதலில் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றினோம். சாம்பல் தண்ணீரில் கழுவினோம். உடைந்த போத்தல் துண்டால் பழைய பாலிஷைச் சுரண்டினோம். வெளியே கொண்டுபோக முடியாததால் எல்லாம் காம்பராவுக்குள்ளேதான். அம்மா காய்ச்சலில் படுத்திருந்தார். கம்பளிக்குள்ளிருந்தே, “என்னய எலி சுரண்டுற மாதிரி இருக்கு” என்பார்.

பால்தான் வேண்டியிருந்தது. கடைசிக் காம்பரா செல்லம்மாக்கா மாடு வைத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் அண்ணி அவரிடம் போய்ப் பால் கேட்டார். நானும் கூட நின்றேன்.

“எதுக்குப்புள்ள இவ்வளவு பாலு?”

“பெட்டிக்கு ஊத்தணும்க்கா. புளிச்சதா இருந்தாலும் பரவாயில்ல.”

அண்ணி வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் நம் ஆட்களிடம் பால் ஊற்றுவது என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். உயிர் பிரியும்போது வாயில் ஊற்றுவார்கள், அடக்கம் செய்த மறுநாள் குழியில் ஊற்றுவார்கள். பாலோடு சேர்த்துப் பெட்டி என்றால் அது சவப்பெட்டிதான் என்றும் சொல்ல வேண்டியதில்லை. மாமியார் காய்ச்சலில் படுக்கை. மருமகள் பெட்டிக்குப் பால் கேட்கிறாள். செல்லம்மாக்கா பாலைக் கொடுத்துவிட்டு நேரே, லயத்துப் பெண்கள் எல்லாம் கூடுகிற பீலிக்கரைக்குத் தண்ணீர் பிடிக்கப் போனார்.

மறுநாள் ஞாயிறு, வேலை இல்லை. காலையிலேயே அண்ணி பூச ஆரம்பித்துவிட்டார். இரண்டு லாச்சி முடிந்திருக்கும். திடீரென்று வெளியே ஒப்பாரிச் சத்தம். தோட்டத்தின் மேல் பிரிவில் இருந்த எங்கள் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வருகிறார். “அக்கா! என்னத் தூக்கி வளத்தவளே! ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியே!”

அம்மா எழுந்து உட்கார்ந்து கொத்தமல்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். “எவன்டா அது காலங்காத்தால?”

மாமா வாசலிலேயே நின்றுவிட்டார். “அக்கா... நீ சாகலியா?”

“நீ ஆசப்பட்டு வந்துட்ட. நான் என்னா செய்ய?”

வந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் அம்மா மாமாவின் அக்குளைப் பார்த்தார். காகிதத்தில் சுற்றிய புதுச் சேலை. செத்த அக்காவுக்குத் தம்பி கொண்டுவர வேண்டிய கோடி. அம்மாவின் முகம் செத்துவிட்டது. சிரிப்பும் நின்றுபோனது.

“யாருடா சொன்னா?”

மாமா செல்லம்மாக்காவைப் பார்த்தார். செல்லம்மாக்கா அண்ணியைக் கை காட்டினார். “ஒங்க மருமகதாங்க சொன்னா, பெட்டிக்குப் பால் ஊத்தணும்னு.”

“நான் உசுரோட இருக்கயிலயே எனக்குப் பால் ஊத்திட்டியாடி?” அம்மா அண்ணனைப் பார்த்தார். “கோடாலிய எடுடா. இப்பவே பொள.”

அண்ணன் கோடாரியை எடுத்துவிட்டார். அம்மா சொன்னால் எடுப்பார். எடுத்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் பெட்டி முன்னால் நின்றார்.

“ஒங்களுக்கு இல்லீங்க அத்தை. சத்தியமா இல்ல. இந்தப் பெட்டிக்குத்தாங்க. பாலும் சுண்ணாம்பும் சேத்து, தொரசாணி பூசுற மாதிரி...” அண்ணியின் இரண்டு கையும் முழங்கை வரைக்கும் நீலம். மாமா ஈரமான லாச்சியை ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தார். “தயிரும் சுண்ணாம்பும்தான்க்கா. வெத்தலைதான் கொறச்சல்” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் அத்தனை பேர் முன்னால் இறங்கி வர முடியவில்லை. “சரி, பெட்டிய விட்டுர்றேன். மேல் லாச்சிச் சாவியக் குடு. ஒரே காம்பராவுக்குள்ள பூட்டு எதுக்கு? வந்த நாள்ல இருந்து யாருக்கு மறச்சு என்ன வச்சிருக்க? எல்லாரும் பாக்கட்டும்.”

அண்ணி சுற்றிப் பார்த்தார். வாசலை அடைத்துக்கொண்டு லயத்து ஆட்கள். பின்னால் சுவர். போவதற்கு இடமில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தார். கை வழுக்கியது. “தொறந்து பாத்துட்டு சாவிய நீங்களே வச்சுக்குங்க அத்தை” என்று சாவியை நீட்டினார்.

அம்மாவே திறந்தார். லாச்சியை முழுவதும் வெளியே இழுத்தார். உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு குண்டூசி இல்லை. அம்மா கையை விட்டு மூலை மூலையாகத் தடவினார்.

“ஒண்ணுமே இல்லியேடி.”

“ஆமாங்க.”

“அப்ப எதுக்குப் பூட்டி வச்ச?”

“வைக்க எங்கிட்ட என்னங்க இருக்கு. என்னோடதுன்னு பூட்டிக்க ஒரு எடம் இருக்கட்டும்னுதான்.”

அண்ணி தனக்கென்று இப்படி ஒன்றைக் கேட்டுப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அண்ணன் கோடாரியைக் கீழே வைத்தார். செல்லம்மாக்கா மெதுவாகப் பின்னால் நகர்ந்தார். அம்மா காலி லாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி அதே காம்பராவுக்கு வந்து, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே அப்பாவையும் பறிகொடுத்தவர் அம்மா. என்ன நினைத்தாரோ. லாச்சியை உள்ளே தள்ளினார், பூட்டினார், சாவியை அண்ணியின் கையில் வைத்தார்.

“அடி லாச்சிக்கும் சாவி இருக்கா?”

“இருக்குங்க அத்தை.”

“அதக் குடு.”

அம்மா தரையில் உட்கார்ந்து அடி லாச்சியை இழுத்தார். அண்ணனின் சட்டை, தம்பிமார் காற்சட்டை எல்லாவற்றையும் வாரிப் பாயில் வீசினார். “ஆம்பளைங்க துணி கயித்துல கெடக்கட்டும்.” காலி லாச்சியைப் பூட்டி, சாவியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். “எவனாச்சும் தொட்டீங்க, அப்புறம் பேசிக்கிறேன்” என்றார். பிறகு மாமாவைப் பார்த்து, “கோடியத் திருப்பிக் கொண்டு போகக் கூடாதுடா. இங்க குடு. இவ பால் வடிகட்டத் துணி இல்லாமத் தவிக்கிறா” என்றார்.

இரண்டாம் பூச்சுக்கு அந்தக் கோடியைக் கிழித்துத்தான் வடிகட்டினோம். ஈரத்தில் காயவே மாட்டேன் என்றது. கொஞ்சம் உரிந்தும் வந்தது. அண்ணி சுரண்டிவிட்டு மறுபடி பூசினார். காய்ந்த பிறகு மெழுகுதிரியால் தேய்த்தார். விடிகாலை வானம் மாதிரி ஒரு வெளிறிய நீலம். லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது. மூட்டைப்பூச்சி முழுசாகப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

காம்பரா அதே காம்பராதான். போர்வையை விரித்துப் பிடிப்பதும் நிற்கவில்லை. அண்ணி மூன்று பிள்ளைகளை அங்கேயே பெற்று வளர்த்தார். கொழுந்தெடுக்கப் போய், வந்து சமைத்து, எனக்குக் கல்யாணம் செய்து வைத்து, தம்பிமாரையும் ஆளாக்கினார். பிறகு இந்தியாவுக்கும் இங்கேயும் ஆட்களைப் பிரிக்கிற ஒப்பந்தம் வந்தது. மாமா குடும்பம் கப்பலேறிப் போனது. தானும் போய்த் திருச்சிப் பக்கம் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஆசையோடேயே கண்மூடினார். காரியத்துக்கு வந்த ஒருவர், “கெழவி லாச்சியில என்னதான் வச்சிருந்துச்சு, தொறங்க பாப்போம்” என்றார். அண்ணி, “அது அத்தையோடதுங்க” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். கடைசிவரை திறக்கவில்லை.

பிள்ளைகள் படித்து, மூத்தவன் வாத்தியாராகி, கொட்டகலையில் வீடு கட்டினார்கள். பெட்டியைக் கொண்டுவர முடியவில்லை, நிலையைக் கழற்றத் தோட்டத்தில் சம்மதிக்கவில்லை. புது வீட்டில் அண்ணிக்குத் தனி அறை கொடுத்தார்கள். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் பயந்துபோய், “ஒடம்பு சரியில்லியாம்மா?” என்று கேட்பார்கள். “நல்லாத்தான் இருக்கேன். சும்மா இருக்கேன்” என்பார். அதைப் போல ஒரு சந்தோஷமான முகத்தை நான் அவரிடம் முன்னால் பார்த்ததில்லை. மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்திலும், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றுதான் கேட்டார். கூட்டிவந்தோம். அந்த அறையில்தான் அடங்கினார்.

ஆஸ்பத்திரியில் மாறி மாறிக் கண்விழித்த மருமக்களுக்கும், வாகனம் தந்த பிள்ளைக்கும், துக்க வீட்டுக்கு மூன்று நாளும் சோறு அனுப்பிய பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவுக்கும், கொட்டும் மழையில் தோள் கொடுத்தவர்களுக்கும், பழைய லயத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

திதிக்கு எல்லோரும் வீட்டுக்கு வருவீர்கள். அண்ணியின் அறையில்தான் படம் வைத்து விளக்கேற்றியிருக்கிறோம். கதவு திறந்துதான் இருக்கும். ஆனாலும் உள்ளே காலெடுத்து வைப்பதற்கு முன், வாசலில் நின்று, “வரலாங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.