அண்ணன் துடைத்து மாட்டிய காத்தாடி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. அண்ணனின் முதலாண்டு நினைவு மலருக்கு "நீங்களும் எழுதணும் அத்தே" என்று அண்ணன் மகன் விடாமல் கேட்டதால் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் சொந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அண்ணன் எப்போதும்வென்றான் கிராமத்தில் பிறந்தார்கள். மழை ஏமாற்றி, பருத்தியும் கம்பும் கைவிட்ட காலத்தில் கோவில்பட்டிக்கு வந்து மில் வேலையில் சேர்ந்தார்கள். நான் தாலியறுத்து அந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது, "உள்ள வாட்டி, முதல்ல சாப்பிடு" என்றார்கள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மதினியும் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

சின்ன வயதிலிருந்தே எனக்கு இழுப்பு. கரிசல் புழுதி பட்டால் மூச்சு முட்டும். புழுக்கமும் ஆகாது, பனியும் ஆகாது. அதனால் காலத்துக்குத் தக்கபடி வீட்டைப் பக்குவம் பண்ணுவதை அண்ணன் ஒரு நோன்பு போலச் செய்தார்கள். வெயில் ஏறும் முன்னே மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பங்குனியில் நடு அறையில் தலைக்கு மேல் சுற்றும் கரண்டு காத்தாடியைக் கழற்றி இறக்கி, இறக்கைகளை ஈரத்துணியால் துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டுவார்கள். புழுதி பறக்கும் என்று அன்றைக்கு என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மார்கழிக் குளிரில் கரிச்சட்டியை முற்றத்திலேயே வைத்திருந்து, புகையெல்லாம் அடங்கிக் கங்கு சிவந்த பிறகுதான் என் அறைக்குக் கொண்டுவருவார்கள். ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைப்பார்கள்.

முதல் வருடம் கழற்றி மாட்டியபோது வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். காத்தாடி எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஏலே தம்பி, காத்து யாருக்குப் போவுது? மேல கெடக்க பல்லிக்கா?" என்று கேட்டார்கள். "அதுவும் நம்ம வீட்டுப் பிள்ளதானக்கா, அதுக்கும் வேர்க்குமுல்லா" என்றார்கள் அண்ணன். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு இழுப்பே வந்துவிட்டது.

போன வருடம் பங்குனிக்கு முன்பே அண்ணனுக்கு நெஞ்சுவலி கண்டது. ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகனைக் கழற்றச் சொல்லி, கட்டிலில் இருந்தபடியே இறக்கைகளை மடியில் வைத்துத் துடைத்தார்கள்.

"ஒரு வருசம் துடைக்கலன்னா குடியா முழுகிரும்? படுங்க" என்றார்கள் மதினி.

"அவ நெஞ்சுக்குள்ள போற புழுதில்லா இது" என்றார்கள் அண்ணன்.

சித்திரையில் அவர்கள் போய்விட்டார்கள்.

உடம்பை நடு அறையில் கிடத்தித் தலைமாட்டில் விளக்கேற்றினார்கள். விளக்கு அணையக்கூடாது என்று காத்தாடியை நிறுத்திவிட்டார்கள். கூட்டம், சாம்பிராணிப் புகை, உச்சி வெயில். எனக்கு இழுக்கத் தொடங்கியது. வெளியே கூட்டிப்போகச் சிலர் என் கையைப் பிடித்தார்கள். நான் போகவில்லை. கடைசியாகப் பார்க்கிற பார்வை, விட்டுவிட்டு எப்படிப் போவேன்? "காத்தாடியப் போடுங்கப்பா" என்று ஒருவர் சொன்னார். "போடாதிய, விளக்கு அணைஞ்சா ஆகாது" என்று பெரியவர் ஒருவர் தடுத்தார்.

மதினி அண்ணன் பக்கத்திலிருந்து எழுந்தார்கள். "அணைஞ்சா திரும்ப ஏத்திக்கிடலாம் மாமா. அவியளுக்குத் தங்கச்சி மூச்சுதான் பெருசு" என்று சொல்லி, தாமே சுவிட்சைப் போட்டார்கள்.

காத்து வந்தது. ஒரு பொட்டுப் புழுதி விழவில்லை. விளக்குச் சுடர் படுத்துச் சாயும்போது, யாரோ அரிசி புடைக்கிற சுளகு ஒன்றை நீட்டி மறைத்தார்கள். அண்ணனைத் தூக்கும்வரை நான் அங்கேயே இருந்தேன். விளக்கும் அணையவில்லை.

பந்தல் போட்டவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், கடம்பூரிலிருந்தும் புதூரிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நான் எழுதியதில் ஊர், மாதம் எதுவும் தப்பாக இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தச் சுளகை அவ்வளவு நேரம் கை வலிக்கப் பிடித்திருந்தது யார்? மூச்சிரைப்பிலும் கண்ணீரிலும் எனக்கு முகம் தெரியவில்லை, வளையல் போட்ட கை மட்டும்தான் தெரிந்தது. மதினிக்கும் தெரியவில்லை. பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அவர்கள் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.