ஐந்து முழம்

என் கணவர் மலேயாவுக்குக் கப்பலேறிய வருஷம், அறந்தாங்கிப் பக்கத்தில் அவருடைய ஊரில் நான் தனியாக இருந்தேன். யாரோடும் பேச்சில்லை. ஆறு மாதம் கழித்து, முதன்முதலாக நெல்லறுக்கப் போனேன்.

அங்கே அறுப்பாட்கள் வரிசையாக நின்று, ஆளுக்கு மூன்று முழ அகலம் பிடித்து, எதிர் வரப்புவரை அறுத்துப் போவார்கள். ஒருவர் பிடித்த இடத்தில், அவர் கூப்பிடாமல் மற்றவர் கை வைப்பதில்லை. புதியவள் என்று யாரும் இளக்காரமாக நினைத்துவிடக் கூடாதே என்று நான் ஐந்து முழம் பிடித்தேன்.

பக்கத்தில் நின்ற காளியக்கா, "ஏத்தா, அம்புட்டு அகலம் வேணாம். ஒனக்கு இன்னும் கை பழகலை" என்றார்.

"ஒங்க வேலையப் பாருங்க" என்றேன். அப்படிச் சொன்னது இன்றும் உறுத்துகிறது.

நான் பாதி வயல் தாண்டுவதற்குள் எல்லோரும் வரப்பேறிவிட்டார்கள். என் நெல் மட்டும் நடுவயலில் நின்றது. உதவிக்குக் கூப்பிட வாய் வரவில்லை. கஞ்சி குடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நினைத்து, நிமிராமலே அறுத்தேன்.

உச்சி வெயிலில் வரப்பேறினேன். ஒரு கஞ்சிக் கலயம்கூடத் திறக்கப்படவில்லை.

"நீங்கள்லாம் இன்னும் குடிக்கலையா?"

"கடைசி ஆளு வராம எப்புடித்தா குடிக்கிறது? இங்கிட்டு வந்து உக்காரு" என்று காளியக்கா நகர்ந்து இடம் விட்டார்.

சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட ஆளில்லாத ஊர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று பதினோரு பேர் எனக்காகப் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் மூன்று முழம்தான் பிடித்தேன்.