கையுறை யாருக்கு?

ஒரு நோயாளியைத் தொட்ட கையுறையைக் கழற்றி, கை கழுவிய பிறகே அடுத்தவரைத் தொட வேண்டும் என்பது விதி. ராயபுரத்து மருத்துவமனை ஒன்றில், பக்கத்துக் கட்டிலில் சீழ் துடைத்த கையுறையோடு வந்த செவிலியர், என் மனைவியின் அறுவைப் புண்ணையும் துடைத்து முடித்தார்.

"மாத்தலியாம்மா?" என்றேன்.

"இன்னா நைனா, கிளவுஸ் போட்டுக்கினுதான கீறேன்?"

"அது உன்னைக் காப்பாத்தும். இவளை?"

அவர் தன் கையுறையைப் பார்த்தார். "இத்த யாரும் சொல்லித் தரலியே."

அந்த வாரமே புண் சீழ் பிடித்தது. பக்கத்துக் கட்டில் நோயாளிக்கு இருந்த அதே கிருமி என்றது பரிசோதனை. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்கவில்லை. அவள் போய்விட்டாள்.

இப்போது எந்த நோயாளியைப் பார்க்கப் போனாலும், செவிலியர் முறைத்தாலும் பரவாயில்லை என்று கையுறையை மாற்றச் சொல்கிறேன். செவிலியர்களுக்குப் பயிற்சி தரக் கேட்டு நிர்வாகத்துக்கு, அந்தச் செவிலியர் அப்படிச் சொன்ன அன்றே மனு போட்டிருந்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில், அவளுடைய முதல் வருடத் திதியன்று வந்தது.