பந்தக்கால் நட்ட வீடு

கடலூரில் எங்கள் நகர் இருக்கும் இடம் ஒரு காலத்தில் ஏரி. மனை வாங்கும்போதே எனக்குத் தெரியும். தெரியாது என்று எங்கள் தெருவில் யார் சொன்னாலும் அது பொய். பங்குனி வெயிலில் மனையைக் காட்டிய புரோக்கர், காய்ந்த மண்ணைக் காலால் உதைத்து, "கல்லு மாதிரி கெடக்கு பாருங்க சார்" என்றார். கார்த்திகையில் ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம். சிதம்பரத்தில் வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போயிருந்தோம். பார்க்க எனக்கு மனமில்லை.

பக்கத்து மனையில் ஒரு பஸ் டிரைவர் எங்களுக்கு முன்பே வீடு கட்டியிருந்தார். எங்கள் வீடு எழும்பியது அவர்கள் போர்வெல் தண்ணீரில்தான். அவர் மனைவி காலையில் மோட்டாரைப் போட்டு, ஓஸ் பைப்பைத் தானே இழுத்துவந்து கொடுப்பார். செங்கல் நனைத்ததும் சிமெண்ட் குழைத்ததும் அந்தத் தண்ணீரில்.

மேஸ்திரி ஒருநாள் குரலைத் தாழ்த்தினார். "அவுங்க வூட்டவிட ரெண்டடி ஒசத்திப்புடலாம் சார். தண்ணி வந்தா அவுங்களோட நின்னுடும்."

எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவன் வாஸ்துவுக்கு முன்னால் பார்ப்பது பக்கத்து வீட்டின் தரைமட்டத்தை. உயர்த்தினேன். இரண்டு மனைக்கும் நடுவே ஓடிய வாய்க்காலையும் இடிபாடு கொட்டித் தூர்த்து, அதன்மேல் காம்பவுண்டு எழுப்பினேன். கொஞ்சம் ஹாலோபிளாக் கல் மிஞ்சியது. பின்புறம் அடுக்கிவைத்தேன்.

அதன்பிறகு மழைக்காலம்தோறும் அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர். "இந்த வருஷம் மழ ஜாஸ்திக்கா" என்பார் அந்த அம்மா என் மனைவியிடம், வாளியால் மொண்டு வெளியே ஊற்றியபடி. சுவரைப் பற்றி ஒரு சொல் வராது. வந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

என் மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட மறுநாள் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை டிரைவர் முழங்கால் தண்ணீரில் நடந்துவந்து எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். விடிகாலையில் மனைவிக்கு நெஞ்சுவலி. ஆட்டோவால் தெருமுனையைத் தாண்டி வர முடியவில்லை. உயிர் போய்விட்டது.

"படுக்க வைக்க எடமில்ல சார். உள்ள பூரா தண்ணி. உங்க போர்டிகோவுல மத்தியானம் வரைக்கும் வெச்சிக்கட்டுமா? பரங்கிப்பேட்டையிலேர்ந்து அவ அண்ணன் வந்ததும் எடுத்துடுறேன்."

போர்டிகோ காய்ந்து கிடந்தது. அதன் ஓரத்தில் மஞ்சள் பூசிய பந்தக்கால்.

"பந்தக்கால் நட்டாச்சே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நம்மவர்களுக்கு அதுவே போதும்.

"ஆமா சார். நல்ல காரியம் நடக்குற வூடு. நான்தான் யோசிக்காம கேட்டுட்டேன், மனசுல வெச்சிக்காதீங்க" என்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். வேறு ஏதாவது வேண்டுமா என்றேன், பெரிய மனிதன் போல. மிஞ்சிய ஹாலோபிளாக்கைக் கேட்டார்.

எட்டுக் கல். கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு வைத்து, தண்ணீருக்கு மேலே அந்த அம்மாவைக் கிடத்தினார்கள். வந்த பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்றே ஒப்பாரி வைத்தார்கள். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். கீழே இறங்கவில்லை.

சிதம்பரத்தில் கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. மகள் நன்றாக இருக்கிறாள். செய்த பாவம் சும்மா விடாது என்பார்கள். என்னைச் சில வருஷம் சும்மாதான் விட்டது.

டிரைவர் வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனார். வாங்கியவர் அதை இடித்து, எங்களைவிட மூன்றடி உயர்த்திக் கட்டினார். கட்டத் தண்ணீர் கொடுத்தது நான். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடும் போட்டார்கள். இப்போது கார்த்திகை பிறந்தால் எங்கள் கூடத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது.

என் மனைவிக்கு இதயம் பலவீனம், மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன மழையில் கட்டிலின் மேல் காலை மடக்கி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுப் போர்டிகோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுங்க பையனுக்குப் பொண்ணு பாக்குறாங்களாம்" என்றாள். "நான் போறதா இருந்தா கோடையிலியே போயிடணுங்க."