அழக் கூடாத கண்

புதுவயல் அரிசி மில்லில் நெல் அவித்துக் காயப்போடும் வேலை சோலையம்மாளுக்கு. வருஷக்கணக்கில் குடித்த தவிட்டுத் தூசி நெஞ்சில் இருமலாகத் தங்கிவிட்டது. அறுபத்தெட்டாம் வருஷம் மதுரைக்குப் போய் வலக் கண்ணில் புரை எடுத்தபோது, ஆபரேஷன் மேசையிலேயே அந்த இருமல் வந்தது. கண்ணுக்குள் இருக்கும் பசை கொஞ்சம் வெளியே வந்துவிட்டதாம். டாக்டர் அவசரமாகத் தையல் போட்டார்.

பிறகு இரண்டு கண்ணையும் கட்டி மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். தலை அசையாதபடி இருபுறமும் மணல் பை. திரும்பக் கூடாது, இருமக் கூடாது. அழவே கூடாது என்று நர்ஸம்மா கண்டித்துச் சொன்னாள்.

கூட இருக்க ஆள் வேண்டும். பிள்ளை இல்லை, புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான். வந்தவள் அவன் தங்கச்சி பொன்னுத்தாயி. "எங்கண்ணனைப் பாடாப் படுத்தியே கொன்னுட்டா" என்று எழவு வீட்டில் நாலு பேர் கேட்கச் சொன்னவள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

இப்போது அவள் கையால்தான் கஞ்சி. அவள்தான் பெட்பேன் வைத்துத் துடைத்துவிட வேண்டும். இருட்டுக்குள் அவள் வளையல் சத்தம் கேட்டாலே சோலையம்மாளுக்கு உடம்பு கூசியது. முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட முடியவில்லை. அவளைக் கூப்பிட மனமில்லாமல் தாகத்தை அடக்கிக்கொண்டு கிடந்தாள். தொண்டை வறண்டு இருமல் முட்டியது. பொன்னுத்தாயி ஓடிவந்து நெஞ்சைத் தடவி, துணியை நனைத்து உதட்டில் பிழிந்தாள்.

"தண்ணி வேணும்னு கேக்க வேண்டியதுதானே மதினி?"

"ஒங்கிட்டயா?"

துணியை மறுபடி நனைத்துப் பிழியும் சத்தம் கேட்டது.

"அன்னைக்குச் சொன்னது சொன்னதுதான். அதுக்காக ஒங்க கண்ணு போகணும்னு நான் நெனைக்கலை."

சோலையம்மாளுக்கு அழுகை திரண்டு வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

கட்டு அவிழ்த்தபோது வெளிச்சம் தெரிந்தது, உருவம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் குனியக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, புகையும் தூசியும் ஆகாது. மில் வேலை அதோடு போயிற்று. பொன்னுத்தாயி துணிமணியோடு வந்து தங்கினாள். வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டாள். அடுப்படிப் பக்கம் போனால் அதட்டினாள். தெருவில் இறங்கவும் அவளிடம் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. போ என்று சொல்லவும் முடியாது, அவள் போய்விட்டால் ஒன்றும் ஓடாது.

மாதாமாதம் மதுரைக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனதும் அவள்தான். தடித்த கண்ணாடி போட்ட பிறகு எதிரில் இருப்பவர் முகம் ஓரளவு தெரிந்தது. இதற்குமேல் தேறாது என்ற டாக்டர், இடக் கண்ணிலும் புரை முற்றுகிறது, அடுத்த வருஷம் வருவீர்களா என்று கேட்டார்.

சோலையம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"வருவாக" என்றாள் பொன்னுத்தாயி.