அசையாத தண்ணீர்

என் மனைவிக்குப் பயம் கூடவே பிறந்தது. கதவு தட்டினால் பயம், கதவு தட்டாவிட்டாலும் பயம். அப்படிப்பட்டவளுக்குத் தொல்லியல் துறையில் காவல் வேலை கிடைத்தது யார் செய்த பாவமோ!

அவள் காப்பது மண்ணுக்கடியில் கிடக்கும் ஒரு பழைய மரப்படகை. வெளியே எடுத்தால் உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருக்கிறார்கள். நிலத்தடி நீரில் ஊறிக் கிடக்கும்வரை அதற்கு ஆயுசு கெட்டி. நீர் இறங்கிக் காற்றுப் பட்டால் மக்கிவிடும். அதனால் பக்கத்தில் நீர்மட்டம் அளக்க இறக்கியிருக்கும் குழாய்க்குள், நாடாவில் கட்டிய குண்டைத் தினமும் விடுவாள். 'ப்ளக்' என்று அது தண்ணீரைத் தொட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

பக்கத்து மனையில் அடித்தளம் தோண்டி, மோட்டார் வைத்து நீரை இறைக்கத் தொடங்கினார்கள். மோட்டார் ஓட்டுபவன் அவளுடைய தம்பியேதான்.

"உன் பக்கம் தண்ணி குறைஞ்சா உடனே சொல்லுக்கா, நிறுத்திடறேன்" என்றான்.

குறையவே இல்லை. வாரக்கணக்கில் அதே மட்டம். அதிகாரிகளுக்குச் சந்தோஷம், எனக்கும் நிம்மதி. அவள் முகம் மட்டும் பேயறைந்தது போலானது.

"குறையலன்னா நல்லதுதானேடி? அதுக்கும் ஒரு பயமா?"

"நம்ம வீட்டுக் கிணறே வத்திப்போச்சுங்க. அங்க மட்டும் எப்படி ஒரு விரல்கூட இறங்காம நிக்கும்?"

மறுநாள் நானும் கூடப் போனேன். ஒரு சொம்புத் தண்ணீரைக் குழாயில் ஊற்றினாள். நல்ல குழாயென்றால் ஊற்றியது சற்று நேரத்தில் மண்ணுக்குள் வடிந்துவிடும். வடியவில்லை. அடியில் சேறு அடைத்து, குழாய் வெறும் தம்ளராகி நின்றிருந்தது. இத்தனை நாளும் அவள் அளந்தது அதில் தேங்கிய தண்ணீரை!

"ஐயோ, என் படகு!" என்றாள்.

அவசர அவசரமாகப் புதுக் குழாய் இறக்கினார்கள். குண்டை விட்டாள். நாடா போய்க்கொண்டே இருந்தது. படகு கிடக்கும் ஆழத்தையும் தாண்டிய பிறகுதான் 'ப்ளக்'. தம்பி ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினான். பிறகு அதிகாரிகள் வந்து, இறைப்பதற்கே தடை போட்டார்கள்.

நீர் மெல்ல ஏறிவிட்டது. அவள் மட்டும் தேறவில்லை.

"இப்படியே பயந்து சாகறதுக்கு, ஒரு தடவை தோண்டிப் பாத்துடலாமே?" என்றேன்.

"தோண்டினா காத்துப் பட்டுடும்ங்க. நல்லா இருந்தாலும் நாமளே கொன்ன மாதிரி ஆயிடும்."

ஆக, இருக்கிறதா போய்விட்டதா என்றே தெரியாத ஒன்றுக்குத்தான் அவள் காவல். இன்றும் காலையில் குண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இப்போதெல்லாம் அவள் திரும்பி வந்து "தண்ணி இருக்குங்க" என்று சொல்லும்வரை எனக்கும் சோறு இறங்குவதில்லை.